மோடம் இணைப்பும் அதன் கட்டுப்பாடும்

ஏரிப் பாசனமுள்ள ஊர்களில் மடைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. எந்த மடையை யார் திறக்கலாம், எவ்வளவு நேரம் திறந்திருக்கலாம், முறை முடிந்ததும் யார் அடைக்க வேண்டும் என்பவை ஊரார் அனைவரும் அறிந்த விஷயங்கள். நீர்க்கட்டி என்ற பெயரில் ஒருவரை அமர்த்தி இவ்வொழுங்கைக் காக்கும் பொறுப்பை அவரிடம் விடுவது நெடுங்கால வழக்கம். மடையைத் திறக்க மட்டும் தெரிந்து, முறை முடிந்ததை அறிந்து அடைக்கத் தெரியாத ஒருவரிடம் அப்பொறுப்பை எந்த ஊரும் ஒப்படைப்பதில்லை.

டெலிபோன் கம்பியின் வழியாகக் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் இடத்திலும் இத்தகைய மடை ஒன்று இருக்கிறது. மோடம் என்பது அந்த மடை. ரவுட்டர் அல்லது ஆக்ஸஸ் சர்வர் எனப்படும் சாதனமே அதன் நீர்க்கட்டி. எவருடைய அழைப்பை ஏற்பது, எவ்வளவு நேரம் காத்திருப்பது, அழைப்பு முடிந்ததை எவ்வாறு அறிவது என்பனவற்றை அந்தச் சாதனத்திற்கு நாம்தான் சொல்லிவைக்க வேண்டும். சொல்லாததை அது தானாக ஊகித்துக்கொள்வதில்லை.

ஒளியிழைக் கம்பிகளும் செல்போன் கோபுரங்களும் பெருகிவிட்ட இந்நாளில் மோடத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று அன்பர்கள் கேட்கலாம். வீடுகளில் அதன் காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது என்பது உண்மையே. அமெரிக்காவில் டெலிபோன் வழி இன்டர்நெட்டைப் பரப்பிய ஏ.ஓ.எல். நிறுவனம்கூட அச்சேவையை 2025 செப்டம்பர் 30 அன்று நிறுத்திவிட்டது. ஆயினும் மோடம் இன்னும் விடைபெறாத இடங்கள் உண்டு. ஆளில்லாத நீரேற்று நிலையம், மின்சாரத் துணை நிலையம், மலைமேல் உள்ள ரேடியோ கோபுரம் போன்றவற்றில் பிரதான இணைப்பு அறுந்துபோனால் உள்ளே சென்று பார்ப்பதற்கான கொல்லைப்புற வாயிலாக அது வைக்கப்படுகிறது. சாலை தோண்டும் இயந்திரம் ஒளியிழையை அறுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அறுந்த இழையின் வழியாகவே சென்று பழுது பார்க்க முடியாது அல்லவா? வேறொரு வழி வேண்டும்; அது டெலிபோன் கம்பியாகவோ சிம் கார்டு பொருத்திய மோடமாகவோ இருக்கும்.

வயலில் உள்ள மோட்டாரைச் செல்போன் மூலம் ஓட்டவும் நிறுத்தவும் உதவும் ஸ்டார்ட்டர்களை நம் விவசாயிகள் பலர் வாங்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெட்டிக்குள் சிம் கார்டுடன் இருப்பதும் ஒரு சிறு மோடமே. அதில் தம் எண்ணைப் பதிவு செய்து, பிற எண்களிலிருந்து வரும் அழைப்பை ஏற்காதபடி அமைத்திருக்கும் விவசாயி, இக்கட்டுரையின் விஷயத்தில் பாதியை முன்னமே அறிந்தவர்.

மோடம் செய்வது என்ன?

டெலிபோன் கம்பி மனிதக் குரலுக்காகப் போடப்பட்டது. கம்ப்யூட்டரோ ஒன்று, பூஜ்யம் என்ற இரண்டு குறிகளை மட்டுமே அறியும். அக்குறிகளை ஒலியாக மாற்றிக் கம்பியில் அனுப்புவதும், மறுமுனையிலிருந்து வரும் ஒலியை மீண்டும் குறிகளாக மாற்றுவதும் மோடத்தின் வேலை. 1962இல் அமெரிக்காவில் வெளிவந்த பெல் 103 என்ற மோடம் விநாடிக்கு 300 குறிகளை அனுப்பியது. ஓர் எழுத்துக்கு 10 குறிகள் செலவாகும் என்று கொண்டால், விநாடிக்கு 30 எழுத்துக்கள்தாம். 1981இல் வந்த ஹேஸ் ஸ்மார்ட்மோடம், கம்ப்யூட்டரே மோடத்திற்குக் கட்டளையிடும் முறையைக் கொண்டுவந்தது. 'ஏ.டி.' என்ற இரண்டெழுத்துடன் தொடங்கும் அக்கட்டளைகளையே இன்றைய சிம் கார்டு மோடம்கள்வரை பின்பற்றுகின்றன. 1998இல் வகுக்கப்பட்ட வி.90 என்ற தரத்தில் வேகம் விநாடிக்கு 56,000 குறிகள்வரை உயர்ந்தது. செம்புக் கம்பி வழிக் குரலிணைப்பில் மோடம் அடைந்த உச்சம் ஏறக்குறைய அதுவே.

நம் நாட்டில் பொதுமக்களுக்கான இன்டர்நெட் சேவையை விதேஷ் சஞ்சார் நிகம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியபோது, டெலிபோன் வழியாக எண்ணைச் சுழற்றி மோடம் மூலம் சேர்ந்துகொள்வதே சாமானியருக்கு இருந்த வழி. 1998இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரியை அடுத்த வில்லியனூரை மைய நிலையமாகக் கொண்டு கிராமத் தகவல் நிலையங்களை ஏற்படுத்தியது. டெலிபோன் கம்பியும் ரேடியோ அலையும் கலந்த ஏற்பாடு அது. கடல் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பு இன்டர்நெட்டிலிருந்து பெறப்பட்டு, வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. இத்தகைய உபயோகத்தில் இணைப்பின் ஒழுங்கு எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கடலுக்குப் புறப்பட்டு நிற்பவரிடம், கம்பி சிக்கிக்கொண்டது என்ற சமாதானம் எடுபடாது.

ரவுட்டரின் வாயில்கள்

ரவுட்டர் என்பது செய்திகளைப் பார்த்து அவை எந்த வழியில் போக வேண்டும் என்று பிரித்தனுப்பும் சாதனம். சிஸ்கோ நிறுவனத்தின் ரவுட்டர்களை உதாரணமாகக் கொள்வோம். உலகெங்கும் மிகுதியாகப் பரவியவை அவை. அவற்றுள் பலவற்றின் பின்புறத்தில் இரண்டு சிறிய வாயில்கள் உண்டு. ஒன்று கன்சோல், அருகில் அமர்ந்து வேலை செய்யும் இஞ்சினீயருக்கானது. மற்றொன்று ஆக்ஸிலியரி, அதாவது துணை வாயில், மோடத்தை இணைப்பதற்கானது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இந்த ஒற்றுமை எவ்வளவு தொல்லைக்கு இடமளிக்கிறது என்பதைப் பின்னர் காண்போம்.

ஆக்ஸஸ் சர்வர் என்பது மோடம் வாயில்கள் பலவற்றை ஒருங்கே கொண்டது. சிஸ்கோவின் 2511 என்ற மாதிரியில் 16 வாயில்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதிகளை எழுதிவைக்கலாம்.

முதல் விதி, அழைப்பு எத்திசையில் செல்லலாம் என்பது. 'மோடம் டயல்-இன்' என்று எழுதினால் வெளியிலிருந்து வரும் அழைப்பை மட்டும் அவ்வாயில் ஏற்கும். 'மோடம் கால்அவுட்' என்றால் உள்ளிருந்து வெளியே அழைப்பதற்கு மட்டும். 'மோடம் இன்-அவுட்' என்றால் இருவழியும் திறந்திருக்கும். பிற்பாடு எது தேவைப்படுமோ என்று எண்ணி, பலர் மூன்றாவதையே எழுதிவிடுகிறார்கள். இது சரியன்று என்பது என் கருத்து. நீரேற்று நிலையத்தில் உள்ள மோடத்தை இஞ்சினீயர் வெளியிலிருந்து அழைக்க வேண்டுமே தவிர, அந்த மோடம் எவரையும் அழைக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. வெளியே அழைக்கும் வழி திறந்திருந்தால், அலுவலக இணைப்புக்குள் புகுந்த எவரும் நம் டெலிபோனைக் கொண்டு தூரதேசத்தை அழைக்கலாம். எப்படியெனில், இச்சாதனங்களில் 2000 என்ற எண்ணுடன் வாயிலின் வரிசை எண்ணைக் கூட்டினால் கிடைப்பதே உள்ளிருந்து அம்மோடத்தை அடையும் எண். 5ஆம் வாயிலுக்கு 2005. இது பாடப்புத்தகத்தில் உள்ள விஷயம், ரகசியமன்று. 'டிரான்ஸ்போர்ட் இன்புட்' என்ற கட்டளையால் அவ்வழியை அடைத்துவைக்க வேண்டும், அல்லது யார் வரலாம் என்ற பட்டியலை அதனுடன் இணைக்க வேண்டும். பில் தொகை பஞ்சாயத்தின் பெயருக்கு வருமே தவிர, பேசியவரின் பெயருக்கு வராது.

அழைப்பு முடிந்ததை அறிதல்

மோடம் விஷயத்தில் நேரும் தொல்லைகளில் பெரும்பான்மை இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன. ஆகையால் இதனைச் சற்று விரிவாகக் கூறுவது அவசியம்.

இரு மனிதர்கள் டெலிபோனில் பேசும்போது, மறுமுனையில் இருப்பவர் போனை வைத்துவிட்டால் நமக்கு உடனே தெரிந்துவிடுகிறது. ரவுட்டருக்கு அது எவ்வாறு தெரியும்? ரவுட்டருக்குக் காது இல்லை. கம்பியில் வரும் ஒலியைக் கேட்பது மோடம் மட்டுமே. மறுமுனை மோடம் இடைவிடாது அனுப்பிக்கொண்டிருக்கும் ஒலிக்குக் கேரியர் என்று பெயர். அது கேட்கும்வரை அழைத்தவர் இருக்கிறார். அது நின்றால் அவர் போய்விட்டார். இச்செய்தியை ரவுட்டருக்குத் தெரிவிக்க, மோடத்தையும் ரவுட்டரையும் இணைக்கும் வடத்தில் தனியாக ஒரு கம்பி உண்டு. அதற்கு டி.சி.டி. என்று பெயர். எதிர்த்திசையில் மற்றொரு கம்பி உண்டு, அது டி.டி.ஆர். நான் ஆயத்தமாக இருக்கிறேன் என்று ரவுட்டர் மோடத்திற்குச் சொல்லும் கம்பி அது. ரவுட்டர் அக்கம்பியைத் தாழ்த்தினால் மோடம் போனை வைத்துவிட வேண்டும்.

எழுத்துக்கள் போவதற்கும் வருவதற்கும் உரிய கம்பிகள் சரியாக இருந்தால் இணைப்பு ஓடும். மேற்சொன்ன இரண்டும் இல்லாமலேகூட ஓடும். அதுதான் இதில் உள்ள அபாயம். முதல் நாள் சோதனையில் எல்லாம் நன்றாகவே தோன்றும்; குறை பின்னரே வெளிப்படும்.

மோடம் உண்மையான கேரியரைப் பாராமல், டி.சி.டி. கம்பியை எப்போதும் உயர்த்தியே வைத்திருந்தால் என்ன ஆகும்? அழைத்தவர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே நுழைகிறார். வேலை நடுவே அவர் வீட்டில் மின்சாரம் போய்விடுகிறது. அவர் முறைப்படி விடைபெறவில்லை. கேரியர் நின்றுவிட்டது, ஆனால் ரவுட்டருக்கு அது தெரியவில்லை. அவர் இன்னும் இருப்பதாகவே எண்ணி அவருடைய அமர்வைத் திறந்து வைத்திருக்கிறது. அடுத்து யாரோ ஒருவர் அதே எண்ணை அழைக்கிறார். மோடம் எடுக்கிறது. பெயரும் கேட்கப்படவில்லை, கடவுச்சொல்லும் கேட்கப்படவில்லை. முன்னவர் விட்ட இடத்தில், முன்னவரின் முழு அதிகாரத்துடன் புதியவர் நிற்கிறார். கடவுச்சொல் எவ்வளவு நீளமானதாக இருந்தும் பயன் என்ன?

மறுபுறம், மோடம் டி.டி.ஆர். கம்பியைப் பொருட்படுத்தாமல் இருந்தால் வேறு விதமான நஷ்டம். ரவுட்டர் அமர்வை முடித்துவிடும். மோடமோ போனை வைக்காது. கம்பி பிஸியாகவே கிடக்கும். வெளியே அழைத்த இணைப்பாக இருந்தால் கட்டணமும் ஏறிக்கொண்டே போகும். உள்ளே வர வேண்டியவர் எத்தனை முறை முயன்றாலும் பிஸி ஒலிதான் கேட்கும்.

இவ்விரண்டையும் நேர் செய்ய மோடத்திற்கு இரண்டு கட்டளைகள் போதும். பெரும்பாலான மோடம்களில், '&சி1' என்பது டி.சி.டி. கம்பி கேரியரைப் பின்பற்றட்டும் என்பது; '&டி2' என்பது டி.டி.ஆர். தாழ்ந்தால் போனை வை என்பது. ரவுட்டரின் வாயிலிலும், மேலே சொன்ன 'மோடம் டயல்-இன்' போன்ற ஒரு கட்டளை இருந்தால்தான் அது அக்கம்பிகளைக் கவனிக்கும். அக்கட்டளை இல்லாத வாயில், மோடம் என ஒன்று இணைக்கப்பட்டிருப்பதையே அறியாது. வடமும் சரியாக இருக்க வேண்டும். ரவுட்டரின் சிறு வாயிலுக்கும் மோடத்தின் 25 ஊசி வாயிலுக்கும் நடுவே ஒரு இணைப்புத்தலை பொருத்தப்படுகிறது. 'டெர்மினல்' என்று பொறித்ததும் 'மோடம்' என்று பொறித்ததும் ஒரே வடிவம், ஒரே அளவு. பின்னதில்தான் டி.சி.டி. கம்பி ரவுட்டர் பார்க்கும் இடத்தில் கொண்டுவந்து சேர்க்கப்பட்டிருக்கிறது.

இப்போது கன்சோல் வாயிலுக்கு வருவோம். மோடத்தைத் துணை வாயிலில் இணைக்காமல் கன்சோலில் இணைப்பவர்கள் உண்டு. அதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது. ரவுட்டர் பழுதாகித் தன் இயக்க நிரலை ஏற்றத் தவறும் வேளையில் கன்சோல் ஒன்றே பேசும். மறந்துபோன கடவுச்சொல்லை மீட்பதும் அதன் வழியாகத்தான். ஆனால் சிஸ்கோ ரவுட்டர்களின் கன்சோல் வாயிலில் மோடத்தைக் கட்டுப்படுத்தும் வசதி கிடையாது. அழைப்பு முடிந்ததை அது அறியவே அறியாது. மேலே சொன்ன திறந்த அமர்வு என்ற அபாயம் அங்கே எப்போதும் இருக்கிறது. அதற்கு உள்ள ஒரே காவல், எழுத்து எதுவும் தட்டப்படாமல் குறிப்பிட்ட நேரம் கழிந்தால் அமர்வை மூடிவிடும் 'எக்ஸெக் டைம்அவுட்' என்ற விதி. நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது 10 நிமிடம். இஞ்சினீயர்கள் சிலர், வேலை நடுவே அமர்வு மூடிக்கொள்வது தொந்தரவாக இருக்கிறதென்று அதனை '0 0' என மாற்றிவைக்கிறார்கள். அதாவது எந்நாளும் மூடாதே என்பது பொருள். மேசைமேல் உள்ள ரவுட்டருக்கு அது பொருந்தலாம். மோடம் இணைத்த கன்சோலில் அப்படிச் செய்வது, வீட்டைத் திறந்துபோட்டுவிட்டுச் சந்தைக்குப் போவதற்குச் சமம்.

வாசலில் காவல் இல்லாத மோடம்

பஞ்சாயத்து நிலையத்து மோடத்தில் வந்து நுழைந்து எவர் என்ன செய்யப்போகிறார் என்று அலட்சியமாக இருப்பவர்களுக்கு 1997ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றைக் கூறலாம். அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்ற நகரின் விமான நிலையத்திற்கு டெலிபோன் இணைப்புகளைப் பிரித்துக் கொடுக்கும் சாதனம் ஒன்று இருந்தது. ஆட்கள் நேரில் செல்லாமலே பழுது பார்க்க வேண்டும் என்பதற்காக அதனை மோடம் மூலம் அடையும் வழியை டெலிபோன் நிறுவனம் வைத்திருந்தது. சிறுவன் ஒருவன் அந்த வழியைத் தன் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து கண்டுபிடித்தான். அவ்வாண்டு மார்ச் 10 காலையில் அவன் அனுப்பிய கட்டளைகளால் அச்சாதனம் செயலிழந்தது. விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் டெலிபோன்கள் நின்றன; வரும் விமானங்கள் ஓடுபாதை விளக்குகளை ஏற்றச் செய்யும் இணைப்பும் நின்றது. ஏறத்தாழ ஆறு மணி நேரம் இந்நிலை நீடித்தது. அதே நாளில் பக்கத்தில் உள்ள ரட்லண்ட் என்ற சிற்றூரின் டெலிபோன் சேவையையும் அவன் நிறுத்தினான். உயிர்ச்சேதம் இல்லாமல் போனது நல்வினையே. பழுது பார்க்க வைத்த வழியே பழுதுக்கு வழியாயிற்று என்பதுதான் கவனிக்க வேண்டியது. நம் நீரேற்று நிலையத்திலும் மோடம் அதே நோக்கத்திற்காகத்தான் வைக்கப்படுகிறது.

ஆகவே வாயிலில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் 'லாகின்' விதி இருந்தே ஆக வேண்டும். இன்னும் ஒரு படி மேலே சென்று, திருப்பி அழைக்கும் முறையையும் வைக்கலாம். அழைத்தவர் பெயரைச் சொன்னதும் ரவுட்டர் போனை வைத்துவிட்டு, அப்பெயருக்கு நேராகத் தன்னிடம் முன்பே எழுதிவைக்கப்பட்ட எண்ணைத் தானே அழைக்கும். வேறு எங்கிருந்தோ பொய்ப் பெயரில் அழைத்தவருக்கு அந்த அழைப்பு போய்ச் சேராது. இம்முறையைக் கையாளும் வாயிலுக்கு மட்டும் இருவழி அனுமதி வேண்டும் என்பதை மறக்கலாகாது.

காத்திருக்கும் நேரம்

இரு மோடம்கள் சந்தித்ததும் சீறலும் கிறீச்சொலியுமாகச் சிறிது நேரம் சப்தமிடுவதைக் கேட்டவர்கள் இருப்பார்கள். கம்பியின் தரத்தை அளந்து எந்த வேகத்தில் பேசுவது என்று அவை ஒப்பந்தம் செய்துகொள்ளும் நேரம் அது. நல்ல கம்பியில்கூட 20 அல்லது 30 விநாடி பிடிக்கும். வெளியே அழைக்கும் சிஸ்கோ ரவுட்டர் கேரியருக்காகக் காத்திருப்பது, நாம் மாற்றாவிட்டால், 30 விநாடி. இரைச்சல் மிகுந்த கிராமத்துக் கம்பியில் ஒப்பந்தம் முடியும் தறுவாயில் ரவுட்டர் பொறுமையிழந்து போனை வைத்துவிடும், மீண்டும் அழைக்கும், மீண்டும் வைத்துவிடும். மோடம் கெட்டுவிட்டதென்று அதனை மாற்றுபவர்கள் உண்டு. 60 விநாடி என்று ஒரு எண்ணை மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துபோகும் குறை இது.

இதற்கு நேர்மாறானது, பேச்சு இல்லாதபோது இணைப்பை எப்போது துண்டிப்பது என்பது. 120 விநாடி செய்தி எதுவும் போகாவிட்டால் துண்டித்துவிடு என்பது வழக்கமாக உள்ள விதி. நல்ல விதிதான். ஆனால் ரவுட்டர்கள் தமக்குள் வழித்தடச் செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும் பழக்கமுடையவை. ஆர்.ஐ.பி. என்ற முறையில் 30 விநாடிக்கு ஒருமுறை ஒரு பட்டியல் அனுப்பப்படுகிறது. 120 விநாடி மௌனம் வேண்டும் என்று விதி இருக்க, 30 விநாடிக்கு ஒருமுறை ஒரு சொல் உதிர்ந்துகொண்டே இருந்தால் இணைப்பு எந்நாளும் துண்டிக்கப்படாது. அலுவலகத்தில் ஒருவரும் இல்லாத இரவு முழுவதும் கட்டணம் ஓடும். எந்தச் செய்தி இணைப்பை உயிரோடு வைத்திருக்கத் தக்கது, எது தக்கதல்ல என்ற பட்டியலை ரவுட்டரில் எழுதி, வழித்தடச் செய்தியை இரண்டாவது இனத்தில் சேர்ப்பதே இதற்குப் பரிகாரம்.

வேகமும் ஓட்டத்தின் அளவும்

மோடத்திற்கும் ரவுட்டருக்கும் இடையே உள்ள சிறு வடத்தின் வேகமும், டெலிபோன் கம்பியின் வேகமும் வெவ்வேறு. மோடம் செய்திகளைச் சுருக்கி அனுப்பும் திறனுடையது. ஆதலால் 56,000 குறி மோடத்திற்கு வடத்தின் வேகத்தை 1,15,200 என்று நிலையாக வைப்பது வழக்கம். இரு பக்கமும் ஒரே வேகம் இருக்க வேண்டும்; மாறினால் திரையில் பொருளற்ற எழுத்துக்கள் கொட்டும்.

எழுத்துக்களைப் பிரிக்கும் நிறுத்தக் குறி பற்றியும் ஒரு சொல். சிஸ்கோ வாயில்களில் நாம் மாற்றாவிட்டால் எழுத்து ஒன்றுக்கு 2 நிறுத்தக் குறிகள். தொடக்கக் குறி 1, எழுத்துக்கு 8, நிறுத்தக் குறி 2, ஆக 11. நிறுத்தக் குறியை 1 ஆக்கினால் 10. விநாடிக்கு 10,472 எழுத்துக்கள் சென்ற இடத்தில் 11,520 செல்லும். செலவில்லாமல் கிடைக்கும் லாபம் இது.

வடம் வேகமாகவும் டெலிபோன் கம்பி மெதுவாகவும் இருப்பதால், ரவுட்டர் கொட்டுவதை மோடம் உடனுக்குடன் வெளியேற்ற முடியாத வேளைகள் வரும். வாய்க்கால் நிரம்பினால் மதகைத் தாழ்த்த வேண்டும் அல்லவா? அதற்கும் வடத்தில் ஒரு ஜோடிக் கம்பிகள் உள்ளன: ஆர்.டி.எஸ்., சி.டி.எஸ். மோடம் சி.டி.எஸ். கம்பியைத் தாழ்த்தினால் ரவுட்டர் நிறுத்த வேண்டும். ரவுட்டர் நிரம்பினால் ஆர்.டி.எஸ். கம்பியைத் தாழ்த்தும். 'ஃப்ளோகன்ட்ரோல் ஹார்டுவேர்' என்று ரவுட்டரிலும், அதற்கு இணையான கட்டளையை மோடத்திலும் எழுத வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதுவது, மதகுக்காரர் ஒருவர் குரல் கொடுக்க மற்றவர் காது கேளாதவராக இருப்பது போன்றது. சிறு செய்திகளில் குறை தெரியாது. பெரிய கோப்பை அனுப்பும்போதுதான் நடுவே எழுத்துக்கள் வழிந்து காணாமற்போகும்.

நுணுக்கமான வேடிக்கை ஒன்றையும் சொல்லிவிடலாம். மோடம் தனக்கு வந்த எழுத்தைத் திருப்பி எதிரொலிக்கும் இயல்புடையது, ரவுட்டரும் அப்படியே. இருவரையும் தடுத்துவைக்காவிட்டால், ரவுட்டர் பெயரைக் கேட்க, மோடம் அதையே திருப்பிச் சொல்ல, அதனைப் பெயரென்று கொண்டு ரவுட்டர் கடவுச்சொல்லைக் கேட்க, மனிதர் எவரும் இல்லாமலே இரு பெட்டிகளும் இரவெல்லாம் வாதாடிக்கொண்டிருக்கும். மோடத்திற்கு 'ஈ0', 'க்யூ1' என்ற இரு கட்டளைகள் இட்டால் அது வாய் மூடும்.

மின்சாரம் போய் வந்தபின்

மோடத்திற்கு இட்ட கட்டளைகள் அதன் நினைவில் நிலையாக எழுதப்படாவிட்டால், மின்சாரம் போனதும் மறைந்துவிடும். நாளுக்கு இரண்டு முறை மின்சாரம் போய் வரும் இடத்தில் இது சிறிய விஷயமன்று. 'மோடம் ஆட்டோகான்ஃபிகர்' என்ற விதியை வாயிலில் எழுதிவைத்தால், ஒவ்வோர் அழைப்பு முடிந்து வாயில் புதுப்பிக்கப்படும்போதும் ரவுட்டரே மோடத்திற்குக் கட்டளைகளை மீண்டும் சொல்லிவிடும். மோடம் எந்த வகை என்பதைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும்படியும் அதற்குச் சொல்லலாம். ஆனால் அதற்குக் கூடுதலாகச் சில விநாடி பிடிக்கும், சில வேளைகளில் தவறாகவும் கண்டுபிடிக்கும். வகையைப் பெயர் சொல்லி எழுதுவதே நன்று. மழைக்காலத்தில் இடி மின்னலால் டெலிபோன் கம்பி வழியாக மோடம் எரிந்துபோவது சகஜம். கம்பி உள்ளே நுழையும் இடத்தில் மின்னெழுச்சித் தடுப்பு ஒன்றை வைப்பதற்கு ஆகும் செலவு, மோடத்தின் விலையை நோக்கச் சொற்பமே.

பல வாயில்கள் உள்ள நிலையத்தில் ஒரு மோடம் மட்டும் செத்துப்போனால் மற்றவை வேலை செய்யுமே என்று எண்ணலாம். அவ்வாறன்று. ஒரே எண்ணுக்கு வரும் அழைப்புகளை டெலிபோன் எக்ஸ்சேஞ்சு வரிசையாகக் காலியான முதல் கம்பிக்கு அனுப்புவது ஒரு வழக்கம். முதல் கம்பியில் உள்ள மோடம் செத்திருந்தால், அக்கம்பி எப்போதும் காலியாகவே தோன்றும். வரும் அழைப்பெல்லாம் அங்கேயே போய் மணி அடித்துக்கொண்டிருக்கும். மற்ற 15 மோடம்கள் சும்மா இருக்கும். உள்ளேயே மோடம்கள் பொருத்தப்பட்ட பெரிய ஆக்ஸஸ் சர்வர்களில் 'மோடம் பிஸிஅவுட்' என்ற கட்டளையால் அக்கம்பியைப் பிஸியாகக் காட்டிவிடலாம். தனி மோடமாக இருந்தால், பழுது தீரும்வரை அக்கம்பியில் ஒரு சாதாரண டெலிபோனை இணைத்து, எடுத்துக் கீழே வைத்துவிட்டாலே போதும். எக்ஸ்சேஞ்சு அடுத்த கம்பிக்குப் போய்விடும்.

ஒப்படைப்பு நாளில் செய்ய வேண்டிய சோதனை

மோடத்துடன் கூடிய சாதனத்தை ஒப்பந்தக்காரர் அமைத்துக் கொடுக்கும்போது, வெளியிலிருந்து அழைத்து, மோடம் எடுப்பதைக் காட்டி, வேலை முடிந்ததென்று கையெழுத்துக் கேட்பது வழக்கம். மோடம் எடுப்பது சோதனையின் தொடக்கமே. பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவர் அருகில் இருந்து பின்வருமாறு செய்து காட்டச் சொல்லலாம்; இதற்குத் தொழில்நுட்ப அறிவு எதுவும் தேவையில்லை.

வெளியிலிருந்து அழைத்து, பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே நுழையச் செய்ய வேண்டும். நுழைந்தபின் முறைப்படி விடைபெறாமல், அழைத்தவரின் பக்கத்தில் டெலிபோன் கம்பியைச் சட்டென்று பிடுங்கிவிட வேண்டும். அரை நிமிடம் பொறுத்து, வேறொரு டெலிபோனிலிருந்து மோடம் மூலம் மீண்டும் அழைக்கச் சொல்ல வேண்டும். பிஸி ஒலி கேட்டால் நம் மோடம் போனை வைக்கவில்லை என்பது தெளிவு, டி.டி.ஆர். பக்கத்தைப் பார்க்க வேண்டும். இணைப்புக் கிடைத்து, பெயரும் கடவுச்சொல்லும் மீண்டும் கேட்கப்பட்டால் சரி. எதுவும் கேளாமல் நேராக உள்ளே விட்டுவிட்டால், டி.சி.டி. கம்பியோ, இணைப்புத்தலையோ, வாயிலின் விதியோ தவறாக இருக்கிறது, அல்லது மோடம் கன்சோல் வாயிலில் இணைக்கப்பட்டிருக்கிறது. அக்குறை தீர்ந்து இச்சோதனை மறுபடி செய்யப்படும்வரை கையெழுத்திட வேண்டாம்.

இதனுடன், ரவுட்டரில் 'ஷோ லைன்' என்ற கட்டளையை இட்டு அதன் விடையைத் தாளில் எடுத்துத் தரும்படி கேட்டுக் கோப்பில் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வாயிலுக்கும் ஒரு வரி அதில் இருக்கும். மோடம் என்ற தலைப்பின்கீழ் அவ்வாயிலின் அனுமதி எத்திசைக்கு என்பது காணப்படும். அவ்விடத்தில் சிறு கோடு மட்டும் இருந்தால் விதி எழுதப்படவில்லை என்று அறியலாம். 'யூஸஸ்' என்பது எத்தனை முறை உபயோகிக்கப்பட்டது என்ற கணக்கு. 'ஓவர்ரன்ஸ்' என்பது வழிந்துபோனவற்றின் கணக்கு. ஆறு மாதம் கழித்து மற்றொரு தாள் எடுத்துப் பழையதுடன் ஒப்பிட்டால், எவரும் அழைக்காத நிலையத்தில் உபயோகக் கணக்கு ஏறியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இடையில் ரவுட்டர் நின்று மீண்டும் ஓடியிருந்தால் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கும் என்பதையும் அப்போது நினைவிற்கொள்ள வேண்டும்.